ஒரே மருந்து, இரு சிறுவர்கள்

மதுரை விளாங்குடியில் ஒரே வகுப்பில் படிக்கும் இரு சிறுவர்களை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். இருவருக்கும் இழுப்பு நோய், அதாவது ஆஸ்துமா. ஒரே மருந்தை ஒரே அளவில் இன்ஹேலர் மூலம் உறிஞ்சுகிறார்கள். ஒருவன் சற்று நேரத்தில் விளையாடப் போய்விடுகிறான். மற்றவனுக்கோ மூச்சிரைப்பு முழுதும் தணியவில்லை. ஏன்?

மருந்தைச் சரியாக உறிஞ்சாதது, வீட்டில் புகை, தூசி எனக் காரணங்கள் பல. பிறவியிலேயே வரும் காரணமும் ஒன்று உண்டு.

நம் மூச்சுக்குழல்களைச் சுற்றித் தசைகள் உள்ளன. ஆஸ்துமாவில் இவை இறுகிக் குழலைச் சுருக்குகின்றன. தசைச் செல்களின் மேல் 'பீட்டா-2 ஏற்பி' என்ற புரதம் இருக்கிறது. சால்பியூட்டமால் மருந்து இதில் பொருந்தியதும் தசை தளர்கிறது. காற்று தாராளமாகச் செல்கிறது.

இப்புரதம் 413 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை போன்றது. கோக்கும் முறையைச் சொல்வது பெற்றோரிடமிருந்து வரும் மரபணு. மாலையின் 16-ஆவது மணி சிலருக்கு ஆர்ஜினின், சிலருக்குக் கிளைசின். தாய், தந்தை இருவரிடமும் ஆர்ஜினின் வகையையே பெற்ற பிள்ளைகள் சிலருக்கு, இவ்வகை மருந்தை நாள்தோறும் எடுத்தால் பலன் குறைவதாக ஆய்வாளர்கள் கண்டனர்.

பிரிட்டனில் இத்தகைய 62 பிள்ளைகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஸ்டீராய்டு இன்ஹேலருடன் சிலருக்கு இதே ஏற்பியில் பொருந்தும் சால்மெட்டிராலும், மற்றவர்களுக்கு வேறு வழியில் செயல்படும் மாண்டிலுகாஸ்டும் ஓராண்டு தரப்பட்டன. மாண்டிலுகாஸ்ட் பெற்றவர்களே பள்ளிக்குக் குறைவாக விடுப்பு எடுத்தார்கள்! ஆனால் பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே இந்த மரபணுச் சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

இதே பாடத்தை வேறொரு நோயில் நம் தமிழ்நாடு முன்பே கற்றது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. அதுவே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். ஐசோநியாசிட் மருந்தைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. அதுவும் மரபணுவின் வேலையே. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தபோது, வேகமாகச் சிதைப்பவர்களுக்குப் பலன் குறைந்தது. தினமும் கொடுத்தால் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. பார்த்தீர்களா? மரபணுவை எளிதில் மாற்ற முடியாது. மருந்து கொடுக்கும் முறையை மாற்றலாம்!

எனவே, மருந்து கேட்காத நண்பனைக் கேலி செய்யாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். இழுப்பு வரும் நாட்களை ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுக்க அது உதவும்.