பாட்டன் எழுப்பிய மலை

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குக் கூட்டம் போகிறது. 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். நடக்கட்டும். நாமும் ஒரு மலையை வலம் வந்தோம், தோழர்களே! தேவர் எவரும் தோற்றுவித்ததல்ல அந்த மலை. நம் பாட்டன்மார் தோண்டிக் கொட்டிய மலை!

ஆம்பூரில் ரயிலேறி, பங்காருப்பேட்டையில் மாறி, மாரிகுப்பத்தில் இறங்கினோம். கோலார் தங்கவயல். வெளுத்த சாம்பல் நிறம், தட்டையான உச்சி, மழை அரித்த வரிவரியான பள்ளம். சயனைடு மலை என்கிறார்கள். சினிமாக்காரர்கள் பாட்டெடுக்க வருவார்களாம்; பார்வைக்கு அத்தனை அழகு!

பாறையை வெட்டி மேலேற்றி, மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தார்கள். தங்கம் கப்பலேறிற்று, சக்கை இங்கே குவிந்தது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்வைத்தது முதல், 2001 பிப்ரவரி 28இல் மத்திய அரசு சுரங்கத்தை மூடியது வரை, எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். விட்ட சக்கை 3 கோடி டன்னுக்கு மேல், 13 மேடுகளாக!

இறங்கியவன் யார்? பெரும்பாலும் வடாற்காட்டான்! ஊர்த்தெருவில் நடக்க உரிமையற்றவன், பூமிக்கடியில் 3 கிலோமீட்டர் இறங்க மட்டும் தகுதி பெற்றான்! மேலே பாறை வெடித்தது. உள்ளே கல்தூசு நுரையீரலைத் தின்றது. 1930இல் குற்றவாளியைப்போல் கைரேகை பதிக்கச் சொன்னார்கள். மறுத்தான், வேலைநிறுத்தம் செய்தான். கூலிக்கு வந்தவன்தான், மானத்தை விற்க வந்தவனல்லன்.

இன்று காற்று வீசும் மாதங்களில் மலை வீட்டுக்குள் வருகிறது. சோற்றிலே தூசு, தொட்டிலிலே தூசு. மண்ணைப் பிடிக்கச் செடி நட்ட இடமும் உண்டு. மொட்டையாய்க் கிடக்கும் இடமும் உண்டு.

தோல் பதனிடும் நமக்கு இது புதிதா? ராணிப்பேட்டையில் மூடிய ஆலை விட்டுப்போன குரோமியக் குவியலை அறிந்தவர்கள் நாம். அந்தத் தங்கவயல் குடித்ததும் நம் பாலாற்று நீர்தான், பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. அதே பாலாற்றுக்காக 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் தோல் ஆலைகளைப் பார்த்துச் சொன்னது: மாசுபடுத்தியவனே ஈடு கொடு என்று. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். தோல் முதலாளிக்கு ஒரு நீதி, தங்கம் எடுத்த சர்க்காருக்கு ஒரு நீதியா?

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை மத்திய அரசு எடுக்க இசைந்தது. விட்டுப்போன தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது, விட்டுப்போன மனிதனுக்கு? எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தூசியை அடக்காமல் ஒரு கூடை மண்ணைக் கிளறாதீர்கள். முதல் வேலை அந்த மேட்டின் நிழலில் பிறந்தவனுக்குக் கொடுங்கள். அவன் விடியுமுன்னே பெங்களூர் ரயிலுக்கு ஓடுகிறான், இருட்டிய பிறகு திரும்புகிறான்.

சுற்றி முடித்து நிலையத்துக்கு வந்தோம். பெஞ்சியில் ஒரு பெரியவர்.

"எந்த ஊரு தம்பி?"

"ஆம்பூருங்க ஐயா."

"எங்க தாத்தாவுக்குக் குடியாத்தம் பக்கம்..."

ஊர்ப்பெயரைச் சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது. அது ஓயும்வரை நின்றோம். அதற்குள் ரயில் ஊதிவிட்டது.