உபகாரச் சம்பளத்து மாணாக்கர்கள்

ஆண்டுதோறும் சர்வகலாசாலைகளின் சிறப்பு வகுப்புகளில் பிரவேசிக்கும் மாணாக்கர்களின் பட்டியல் வெளியாகும்போது, பெயருக்கு எதிரே மதிப்பெண்ணும் மதிப்பெண்ணுக்கு எதிரே பள்ளிக்கூடத்தின் பெயரும் காணப்படுகின்றனவே ஒழிய, அந்த மதிப்பெண் எந்த வீட்டு விளக்கின் கீழ், யார் படித்துத் தந்த புத்தகத்தைக் கொண்டு, எத்தனை தூரம் நடந்து சம்பாதிக்கப்பட்டது என்னும் விவரம் எங்கும் காணப்படுவதில்லை. அந்த விவரத்தையும் சேர்த்துப் படித்தாலன்றி ஒரு மாணாக்கரின் சாதனை இன்னதென்று நிர்ணயிக்க முடியாது என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குப் பொருத்தமான சாட்சியத்தைத் தேடுவோர் திருத்தணிக்குத்தான் வரவேண்டும்.

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில், ஆண்டின் நாட்களுக்குச் சமமாக 365 படிகள் கொண்ட மலையின்மேல் முருகன் எழுந்தருளியிருக்கும் திருத்தணி, அடிவாரத்துப் பூக்கடைக்காரர் வருகிறவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே ஒருவரிடம் தமிழிலும் அடுத்தவரிடம் தெலுங்கிலும் விலை சொல்லும் ஊர். வட ஆற்காடு ஜில்லாவில் இருந்து, 1911ல் புதிதாக அமைந்த சித்தூர் ஜில்லாவில் சேர்ந்து, 1953ல் ஆந்திர ராஜ்யத்திற்குப் போய், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மீண்டும் சென்னை ராஜ்யத்தோடு இணைந்த அவ்வூரில்தான், 1888 செப்டம்பர் 5ஆம் தேதி, ஜமீன் ஒன்றில் சிறிய வருவாய் உத்தியோகம் பார்த்துவந்த வீராசாமி என்பவரின் குமாரராக சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஜனித்தார். வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. குடும்பப் பெயரைத் தந்த சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். தெருவில் கேட்டதோ இரண்டு மொழிகளும்.

திருத்தணியில் எழுத்தறிந்து, 1896ல் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்து, பிறகு வேலூர் ஊரீஸ் கலாசாலையில் படித்து, பதினாறாம் வயதில் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்குள் நுழைந்த அந்த இளைஞருக்கு, படிப்புக்காலம் பெரும்பாலும் துணை நின்றது உபகாரச் சம்பளம். தாம்பரத்திற்கு 1937ல்தான் குடிபெயர்ந்த அக்கலாசாலை அப்போது ஹைகோர்ட்டுக்கு எதிரே, வர்த்தகச் சந்தடி மிகுந்த ஜார்ஜ் டவுனில் இருந்தது. எந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்பதில் வசதியுள்ள மாணாக்கர் ருசியைக் கேட்டு முடிவு செய்வார். ராதாகிருஷ்ணனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அதே கலாசாலையில் தேறி வெளியேறிய உறவுக்காரர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். புத்தகம் கையில் வந்துவிட்டபடியால் பாடமும் நிச்சயமாயிற்று. பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டில் கீழைநாட்டுச் சமயங்களுக்கும் ஒழுக்கநெறிக்கும் உரிய ஆசனத்தில் 1936 முதல் 1952 வரை வீற்றிருந்தவரின் தத்துவ ஞானம், வாங்கக் காசில்லாத காரணத்தால் கைமாறி வந்த ஒரு புத்தகக் கட்டிலிருந்து தொடங்கியது என்பதை நான் எத்தனை முறை நினைத்தாலும் மனம் கனக்கிறது. அந்த உறவுக்காரர் வேறொரு பாடம் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

கைக்குக் கிடைத்த பாடத்தை அவர் கையாண்ட விதமோ சாமானியமானதன்று. வேதாந்தத்தில் ஒழுக்கத்திற்கு இடமே இல்லை என்று மேனாட்டுப் பாதிரிமார்கள் செய்துவந்த கண்டனத்திற்கு மறுமொழியாகவே, வேதாந்தத்தின் ஒழுக்கநெறியையும் அதற்கு ஆதாரமான தத்துவத்தையும் பற்றி எம்.ஏ. பட்டத்திற்கான கட்டுரையை அவர் 1908ல் எழுதினார். அதைப் பரிசீலிக்கவேண்டியவர் ஏ. ஜி. ஹாக் என்னும் கிறிஸ்தவ ஆசாரியர். அவர் மனம் புண்படுமோ என்று மாணாக்கர் அஞ்சியிருக்க, ஆசாரியரோ கட்டுரையை மெச்சினார். அது அச்சேறியபோது எழுதியவருக்கு வயது இருபது. தம் கொள்கைக்கு எதிராக வாதிக்கும் சிஷ்யனைப் பாராட்டும் ஆசிரியர் வாய்ப்பது எந்த உபகாரச் சம்பளத்திலும் பெரிய உபகாரம்.

ராதாகிருஷ்ணன் பிறந்த அதே 1888ல் நவம்பர் மாதம் திருச்சியில் பிறந்தவர் சி. வி. ராமன். அவருடைய தகப்பனார் கலாசாலையில் கணிதமும் பௌதிகமும் போதித்தவர். வீட்டிலேயே புத்தகங்கள் இருந்தன. சென்னை மாநிலக் கலாசாலையில் சேர்ந்து 1904ல், பதினாறு வயது நிரம்புமுன், முதல்வராகத் தேறிப் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். 1954ல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது ராஜாஜியோடு இவ்விருவரும் அதைப் பெற்றார்கள். சேர்ந்த இடம் ஒன்றானாலும் புறப்பட்ட இடங்கள் வேறு. ராமனின் மேதையை இம்மியும் குறைக்காமலே, திருத்தணிக்காரர் கடந்த தூரம் அதிகம் என்று சொல்வதில் பிழையில்லை.

பரீட்சையின் கதவு சாத்தப்பட்டதற்கும் அதே காலத்தில் உதாரணம் உண்டு. கும்பகோணத்து ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகனான ஸ்ரீனிவாச ராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளத்தை இழந்து, எப்.ஏ. என்னும் இடைநிலைப் பரீட்சையிலும் தேறாமல், 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதப்போனார். பட்டமில்லாத அவருக்கு 1913ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்த சென்னைச் சர்வகலாசாலையின் செய்கை, அதன் சரித்திரத்திலேயே மிகவும் போற்றத்தக்கது என்பேன்.

ஆனர்ஸ் என்னும் சிறப்பு வகுப்புகள் பெயர்பெற்று விளங்கிய பின்னாட்களில், ராமனின் தமையனார் மகனான எஸ். சந்திரசேகர் பௌதிக ஆனர்ஸ் மாணாக்கராயிருக்கும்போதே லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் கட்டுரை பிரசுரித்து, 1930ல் சர்க்கார் உதவியோடு கேம்பிரிட்ஜ் சென்றார். திருத்தணிக்குத் தெற்கே, அதிக தூரமில்லாத காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த சி. என். அண்ணாதுரையோ, நகரசபையில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டே பச்சையப்பன் கலாசாலைக்கு வந்து பொருளாதார ஆனர்ஸ் படித்துத் தேறியவர்.

தாம் பட்ட பாட்டை ராதாகிருஷ்ணன் மறந்தாரில்லை. ஆசிரியராயிருந்த மைசூரிலிருந்து 1921ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணாக்கர்கள் அவருடைய வண்டியைப் பூவால் அலங்கரித்துத் தாங்களே இழுத்துச் சென்றதைப் பலரும் அறிவர். ஆனால் அவர் தலைமை வகித்த சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன் 1949ல் தந்த அறிக்கையை அறிந்தவர் குறைவு. பன்னிரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பிறகே சர்வகலாசாலையில் சேர்க்கவேண்டும், ஆனர்ஸ் பட்டதாரிக்கு ஓராண்டிலும் மற்றவர்க்கு ஈராண்டிலும் எம்.ஏ. அளிக்கலாம், வசதியற்ற திறமைசாலிகளுக்கு உபகாரச் சம்பளம் வேண்டும் என்பவற்றோடு, எந்தப் படிப்புக்கும் இன்ன புத்தகம் என்று பாடநூல் விதிக்கவே கூடாது என்றும் அது கூறியது. பாடநூல் கட்டு ஒன்றினால் வாழ்க்கையின் திசை நிச்சயமானவர் தலைமையில் இந்த யோசனை பிறந்தது ஆச்சரியத்திற்குரியது.

இன்று திருத்தணி வட்டாரத்திலிருந்து கலாசாலைக்குப் போகிறவர்களில் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தறிகளின் ஓசைக்கிடையே பாடம் படித்த பிள்ளைகள் உண்டு. மலையடிவாரத்தில் பூக்கட்டுவோரின் பிள்ளைகளும் உண்டு. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பயில மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளன்றே தொடங்கிற்று. மாணவர்க்கு 2024ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு ஏழரை சதவீத இடம் 2020ல் சட்டமாயிற்று. இவற்றைவிட என் கவனத்தைக் கவர்வது, தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக வழங்கப்படும் முதல் பட்டதாரிச் சான்றிதழ். பரீட்சை முடிவு வந்ததும் இ-சேவை மையத்தில் பிள்ளையும் தாயாருமாக வரிசையில் நின்று, தகப்பன், தாய், பாட்டன், பாட்டி, உடன்பிறந்தார் என ஒவ்வொருவரும் எதுவரை படித்தார் என்று எழுதிக்கொடுக்கும்போது, ஒரு குடும்பத்தின் முழுக் கல்விச் சரித்திரமும் ஒரே தாளில் அடங்கிவிடுகிறது.

கட்டணம் கழிந்தவுடன் கோப்பில் கிடந்துவிடும் அத்தாளைச் சேர்க்கை முடிந்த மறுவாரமே வகுப்பாசிரியர் எடுத்துப் படிக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் பார்த்திராத பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே நூலகத்தில் துணைநின்று வழிகாட்ட ஒருவரை ஏற்படுத்துவதும், பாடத்தை மாற்றிக்கொள்ள விரும்பினால் அதற்கு அவகாசம் தருவதும், மேல்வகுப்பாரின் புத்தகங்களைச் சேகரித்து அத்தகையோருக்கு முதலில் வழங்குவதும் எந்தக் கலாசாலைக்கும் பெருஞ்செலவு வைக்கக்கூடிய காரியங்கள் அல்ல.