மாத்திரையை விடாதீர்கள், கேள்வியையும் விடாதீர்கள்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், மந்திரிக்க ஓடுவதும் நம் காலனிகளில் இன்னும் ஒழியவில்லை. ஆனால் மாத்திரை வாங்கும் குடும்பங்களிலும் வலிப்பு திரும்புகிறதே, ஏன்? மாத்திரை இடையில் நின்றுபோவது முக்கியக் காரணம்.

அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவு தனி. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், மாத்திரை தீர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து விடாமல் வரலாம், உயிரே போகலாம். சாரத்தின் மீதோ கிணற்று மேட்டிலோ நிற்பவருக்கு ஒரு நிமிட வலிப்பே போதும்.

சரியான மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லோருக்கும் ஒரே மாத்திரை பொருந்தாது. 1912 முதல் புழக்கத்தில் உள்ள பீனோபார்பிட்டோன் மலிவானது. ஆனால் தூக்கக் கலக்கம் தரும். பெனிட்டாயின் நாள்பட்டால் சிலருக்கு ஈறு தடிக்கும். காசநோய் மாத்திரையும் சேர்ந்தால் அளவு மாறலாம் என்பதால் இரண்டு டாக்டர்களிடமும் சொல்லிவிட வேண்டும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது சோடியம் வால்ப்ரோயேட். கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைவும் வரக்கூடும். கருத்தரிக்கும் முன்பே, வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மாத்திரையை விடும் பெண்களும் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு, 1999இல் நீக்கப்பட்டுவிட்டது.

‘என்ன மாத்திரை, ஏன் இது, எத்தனை காலம்?’ என்று நம் சனங்கள் கேட்டால் முகம் சுளிக்கும் இடங்கள் இருக்கின்றன. கேட்பது சலுகை அல்ல, உரிமை. வெளியூர் வேலைக்குப் போகும்போது கூடுதல் நாட்களுக்கு மாத்திரை கேளுங்கள். சீட்டை உடன் வைத்திருங்கள்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வலிப்பு மாத்திரையும் அதே பையில் நம் காலனிக்கு வர வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுத வைப்போம்.