விட்ட ஆட்டமும் மீளும் வேகமும்

நெடுங்காலம் பழகிப் பின்னர்ப் பல்லாண்டுகள் கைவிட்டிருந்த ஒரு வித்தையை மீண்டும் தொடங்கும் மனிதனுக்கு முதல் நாளிலேயே ஓர் ஐயம் எழுகின்றது. முன்பு செலவிட்ட பொழுதெல்லாம் வீண்போயிற்றா, அன்றி அதில் ஒரு பகுதியேனும் உள்ளே தங்கியிருக்கின்றதா என்பதே அது. வீணை வாசித்தவர், தட்டெழுத்துப் பயின்றவர், சதுரங்கம் ஆடியவர் ஆகிய எல்லோருக்கும் இவ்வையம் பொதுவானது. ஆயினும், இதற்கு விடையை அளந்து காண்பதற்கு மிக வாய்ப்பான களம் ஒன்று உண்டு. திரையில் ஆடும் புதிர் விளையாட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடித்துக் காட்டும் போட்டியே அக்களம். அங்கே கடிகாரம் எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

இத்தகைய விளையாட்டுகளுள் உலகெங்கும் பரவியது டெட்ரிஸ். 1984ஆம் ஆண்டிலே மாஸ்கோ நகரில் அலெக்ஸி பஜித்னோவ் என்னும் கணினி அறிஞர் இதனை உருவாக்கினார். நான்கு சதுரங்களை ஒட்டவைத்தால் எத்தனை வடிவங்கள் உண்டாகுமோ அத்தனையும் இதில் உண்டு. நீண்ட கோல் ஒன்று, சதுரம் ஒன்று, ‘ட’ எழுத்தைப் போன்றது ஒன்று, கண்ணாடியில் தெரியும் அதன் எதிருரு ஒன்று, நடுவிலே முளைவிட்டது ஒன்று, இடமும் வலமுமாகப் படிக்கட்டுப் போல் மடிந்தவை இரண்டு என அவை ஏழாகும். இவை ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கும். ஆடுபவர் அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்குதல் வேண்டும். ஒரு வரி முழுவதும் நிரம்பினால் அவ்வரி மறைந்துவிடும்.

விரைவுப் போட்டியிலே 40 வரிகளை மறையச் செய்தல் ஒரு வழக்கமான அளவாகும். இதன் கணக்கு எளியது. ஒரு வரிக்குப் பத்துச் சதுரமாக 40 வரிக்கு 400 சதுரம் தேவை. துண்டொன்றுக்கு நான்கு சதுரம் ஆதலால், குறைந்தது 100 துண்டுகளை வைக்க வேண்டும். விநாடிக்கு ஒரு துண்டு வைப்பவர் ஏறத்தாழ 100 விநாடியில் முடிப்பார். தேர்ந்தவர்களோ 20 விநாடிக்கும் குறைவிலே முடிக்கின்றார்கள். அஃதாவது, கண் ஒருமுறை இமைத்து மீள்வதற்குள் ஒரு துண்டு தன் இடத்தைச் சேர்ந்துவிடுகின்றது.

இடைவெளி என்பது என்ன செய்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1989ஆம் ஆண்டு ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, ‘கேம் பாய்’ என்னும் கைக்கருவியை வெளியிட்டது. அதிலே டெட்ரிஸ் ஆடலாம். மானிப்பாயைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், கொழும்பிலுள்ள உறவினர் வீட்டிலே அதனைப் பழகி, கருவியையும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினான் என்று வைத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. வானொலிச் செய்தி கேட்பதற்கே மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றிய காலம் அது. அவ்வாறு பாடுபட்டுப் பெற்ற மின்னாற்றலை ஒரு விளையாட்டுக் கருவிக்குக் கொடுக்க எந்த வீட்டிலும் மனம் வராது. 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, பல வீடுகளிலே இதனினும் பெரிய பொருள்கள் விடப்பட்டன. இத்தகைய ஒருவருக்கு ஆட்டம் சலித்து விடப்பட்டதன்று. காலம் அதனைப் பிடுங்கிக்கொண்டது. இன்று நாற்பதைத் தாண்டிய வயதிலே அவர் மீண்டும் விசைகளின் மேல் விரல் வைக்கும்போது, மேற்சொன்ன ஐயம் அவருக்கு வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதாக இராது. நின்றுபோன ஒன்று தன்னிடத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதே அவர் கேட்கும் கேள்வி.

இக்கேள்விக்கு உளநூல் தரும் விடை ஆறுதலானது. ஜெர்மானிய அறிஞர் எபிங்கவுஸ் 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவு பற்றிய நூலிலே ஓர் அளவுமுறையை வகுத்தார். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறந்தபின் மீண்டும் மனனம் செய்தார். முதன்முறை பிடித்த நேரத்தைவிட இரண்டாம்முறை பிடித்த நேரம் குறைந்திருந்தது. அக்குறைவையே அவர் ‘சேமிப்பு’ என்றார். நினைவுக்கு எட்டாமற்போனதும் முற்றாக அழிந்துவிடுவதில்லை. மீண்டும் கற்கையில் அது நேரச் சேமிப்பாக வெளிப்படும் என்பது அவர் கண்ட உண்மை.

டெட்ரிஸையே கொண்டு நடத்திய ஆய்வொன்றும் உண்டு. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டும் அவர் துணைவரும் அதன் முடிவுகளை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சில நாள் ஆடியவர்கள் உறங்கத் தொடங்கும்போது, விழும் துண்டுகளைக் கண்ணெதிரே கண்டதாகக் கூறினர். மூளைச் சேதத்தால் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க இயலாதவர்களும் அவ்வாய்விலே ஆடினர். தாம் ஆடியதையே அவர்கள் நினைவுகூரவில்லை. எனினும் அவர்களுட் சிலருக்கு அவ்வடிவங்கள் தோன்றின. முன்பே ஆடித் தேர்ந்தவர்களுட் சிலருக்கோ, அன்று ஆடிய வடிவங்களுக்குப் பதிலாகத் தாம் முன்னாளில் பழகிய பழைய பதிப்பின் வடிவங்கள் தோன்றினவாம். பழைய பயிற்சி உள்ளே உறங்கிக் கிடந்து, புதிய பயிற்சியால் எழுப்பப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

அவ்வாறாயின், திரும்பி வந்தவரின் வேகம் குறைவது ஏன்? வடிவங்களும் அவற்றின் பொருத்தமும் அவருக்கு மறந்திரா. துண்டைக் கண்டதற்கும் அதன் இடத்தைத் துணிவதற்கும் இடையேயுள்ள சிறு காலமே நீண்டுவிட்டது. இதனை விளங்கிக்கொள்ள, டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்னும் இருவர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு உதவும். டெட்ரிஸில் தேர்ந்தவர், துண்டு எங்கே பொருந்தும் என்று மனத்துக்குள்ளே திருப்பிப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் பின் விசையை அழுத்துவதில்லை. திரையிலேயே அதனைத் திருப்பிப் பார்த்து முடிவு காண்கின்றார். மனத்தினால் திருப்புவதைவிட விரலால் திருப்புவது விரைவானது. ஆகவே, விரல் சிந்தனையின் ஏவலாளாக மட்டும் இராமல், சிந்தனையின் ஒரு பகுதியாகவும் ஆகிவிடுகின்றது. இடைவெளியின் பின் விரல் தயங்குமாயின், அத்தயக்கம் சிந்தனையையும் சேர்த்தே தாமதிக்கச் செய்யும்.

இன்னொரு தடையும் உண்டு. ஆடுபவர் நின்றிருந்த காலத்திலே ஆட்டம் நிற்கவில்லை. கேம் பாய் பதிப்பிலே அடுத்து வரும் துண்டு ஒன்றே ஒன்றுதான் காட்டப்பட்டது. இன்றைய பதிப்புகளிலே வரிசையாகப் பல துண்டுகளை முன்கூட்டியே காணலாம். ஒரு துண்டை ஒதுக்கிவைத்துப் பின்னர் எடுக்கலாம். ஒரே அழுத்திலே துண்டை அடிக்கு இறக்கலாம். ஏழு வடிவங்களும் ஒரு பையிலிட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் ஒவ்வொன்றும் ஒருமுறை வந்தபின்னரே அடுத்த சுற்றுத் தொடங்குகின்றது. ஆதலால், ஒரு வடிவம் மீண்டும் வருவதற்கு இடையே பன்னிரண்டுக்கு மேற்பட்ட துண்டுகள் வரமாட்டா. பழைய ஆட்டக்காரர் நீண்ட கோல் வருமோ வராதோ என்று அஞ்சி அடுக்கியவர். இன்று அவ்வச்சத்துக்கு இடமில்லை. அச்சத்தால் வந்த பழக்கத்தை விடுவது, புதிய பழக்கத்தைக் கற்பதைவிடக் கடினமானது.

பழையவை எல்லாம் பயனற்றவை என்றும் எண்ணுதல் கூடாது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நின்டெண்டோ நடத்திய பெரும் போட்டியில் இளைஞர் பிரிவிலே வென்றவர் தோர் ஆக்கர்லண்ட். விசையை அழுத்திப் பிடிக்காமல், பெருவிரலை அதிரச் செய்து விரைந்து தட்டுவது அவர் முறை. இருபதாண்டுகள் கழித்து, 2010ஆம் ஆண்டிலே லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த முதல் பழம்பதிப்பு டெட்ரிஸ் உலகப் போட்டிக்கு அவர் மீண்டும் வந்தார். பட்டம் பெற்றவர் ஜோனாஸ் நியூபாவர். அவர் அப்போட்டியை மொத்தம் ஏழுமுறை வென்றவர். ஆனால், 2018ஆம் ஆண்டிலே நியூபாவரை வென்ற பதினாறு வயது ஜோசப் சேலி கையாண்டது, விரைந்து தட்டும் அதே முறைதான். அதன்பின் வேறு முறைகளும் தோன்றின. 2023 டிசம்பரில் வில்லிஸ் கிப்சன் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், ஆட்டமே செயலிழந்து உறைந்து நிற்கும் இடம்வரை ஆடிக் காட்டினான். முன்னோன் பட்டம் பெறாது திரும்பினும், அவன் கைமுறை பிற்காலத்தவருக்கு வழியாயிற்று.

மீண்டும் தொடங்குவோர் கைக்கொள்ளத்தக்க முறை இவற்றிலிருந்தே பெறப்படும். முதற்கண், வேகத்தை நாடாது பிழையின்றி 100 துண்டுகளை அடுக்குதல் வேண்டும். தவறாக வைத்த ஒரு துண்டைச் சரிசெய்யச் செலவாகும் நேரம், நிதானித்து வைத்ததனால் இழக்கும் நேரத்தினும் பெரிது. அடுத்து, ஒரு துண்டை அதன் இடத்துக்குக் கொண்டுசெல்ல எத்தனை அழுத்தங்கள் போதும் என்பதைக் கணக்கிட்டு, மிகையானவற்றை ஒழித்தல் வேண்டும். ஒரே நாளில் ஐந்து மணிநேரம் ஆடுவதைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் ஆடி உறங்கி எழுவது நன்று. கற்றதை மூளை நிலைப்படுத்துவதில் உறக்கத்துக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தை ஒரு கொப்பியிலே குறித்துவைத்தல் வேண்டும். இன்றைய நேரத்தை முதல் வாரத்து நேரத்தோடு ஒப்பிட வேண்டுமேயன்றி, இளமையிற் பெற்ற நேரத்தோடோ பதின்மூன்று வயதுச் சிறுவனின் நேரத்தோடோ அன்று.

எபிங்கவுஸ் அளந்த சேமிப்பு, பயிலாதிருக்கும் வரையில் கண்ணுக்குத் தெரியாது. கற்றது எஞ்சியிருக்கின்றதா என்று நாற்காலியிலிருந்து எண்ணிப் பார்ப்பவருக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். முதல் நூறு துண்டுகளை அடுக்கி முடித்து, மறுநாளும் அடுக்கி, இரு நாள் நேரத்தையும் அருகருகே எழுதிப் பார்ப்பவருக்கே அது புலப்படும். போர் பறித்த ஆண்டுகளை எவராலும் மீட்டுத் தர இயலாது. ஆனால், அவ்வாண்டுகளுக்கு முன் விரல்கள் கற்றதை அவை முழுவதும் கொண்டுபோய்விடவில்லை.