மின்சிகரெட்டைக் கைவிட உதவி கேட்டால் என்ன நடக்கும்?

“என் நண்பன் மின்சிகரெட்டை நிறுத்தப் பார்க்கிறான், முடியவில்லை. யாரிடமாவது சொன்னால் மாட்டிக்கொள்வானா?” உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் கேட்டிருப்பார்கள். அந்த நண்பன் நிஜமாகவே நண்பனா, கேட்பவரேதானா என்று நான் துருவுவதில்லை. கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கு வேதியியலும் உயிரியலும் பதில் சொல்லும். சொன்னால் என்ன ஆகும் என்பது சிங்கப்பூரில் இருக்கும் சிகிச்சை ஏற்பாடுகளைப் பற்றியது. வரிசையாகப் பார்ப்போம்.

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். நிக்கோட்டின் ஒரு காரம். அதை அப்படியே உள்ளிழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். அந்த எரிச்சல் ஒரு விதத்தில் நமக்குக் காவல். ஓரளவுக்கு மேல் இழுக்க விடாது. இப்போதைய மின்சிகரெட்டுகள் பலவற்றில் நிக்கோட்டினோடு பென்சாயிக் அமிலம் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நிக்கோட்டின் உப்பாகிறது, எரிச்சல் குறைந்துவிடுகிறது. மேலே மாம்பழம், திராட்சை என்று வாசனை வேறு. பதின்மூன்று வயதுப் பிள்ளைகூட முதல் நாளே இருமாமல் இழுத்துவிட முடிகிறது. “எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, லேசாகத்தான் இருந்தது” என்று சொல்பவர், தொண்டையில் இருந்த காவலை அமிலம் தூங்க வைத்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

இன்னொன்று. வெளியே வரும் புகையை நீராவி என்று பலர் சொல்கிறார்கள். அது நீராவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், நிக்கோட்டின் ஆகியவை சூடாகி, மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் மிதப்பவை.

உள்ளிழுத்த நிக்கோட்டின் சுமார் 10 முதல் 20 விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே நரம்பணுக்களில் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்திக்கென்று அமைந்த ஏற்பிகள் இருக்கின்றன. அந்தப் பூட்டில் நிக்கோட்டினும் சாவியாகப் பொருந்தும். பொருந்தியதும் டோபமின் வெளியாகிறது. இதே வேலை திரும்பத் திரும்ப நடந்தால் மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது. பதின்ம வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் இந்த மாற்றம் எளிதில் நிகழ்கிறது. திட்டமிடுவதற்கும் ஆசையைக் கட்டுப்படுத்துவதற்கும் உதவும் முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகும்.

நிக்கோட்டினின் அரை ஆயுள் ஏறத்தாழ 2 மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும். காலை 7 மணிக்குப் பள்ளிக்கு வருமுன் இழுத்தவருக்கு, 11 மணிக்குக் கணக்குப் பாடம் நடக்கும்போது கால் பங்குதான் மிச்சம். கூடிப்போன ஏற்பிகள் காலியாக நிற்கின்றன. எரிச்சல் வருகிறது, கவனம் சிதறுகிறது. இடைவேளையில் மீண்டும் இழுத்ததும் மனம் அடங்குகிறது. உடனே அவர் “மன அழுத்தத்துக்கு இதுதான் மருந்து” என்று முடிவு கட்டிவிடுகிறார். பழைய கடனுக்கு வட்டி கட்ட அதே வட்டிக்கடைக்காரரிடம் புதுக்கடன் வாங்குவதைப் போன்றது இது. அழுத்தத்தை உண்டாக்கியதும் அந்தப் பொருள்தான்.

நல்ல செய்தி, கூடிய ஏற்பிகள் குறையவும் செய்யும். புகைப்பதை நிறுத்தியவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளில், 6 முதல் 12 வாரங்களில் அவை புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்பியது தெரிந்தது. நிறுத்திய முதல் 2, 3 நாள்கள்தான் மிகக் கடினம். பெரும்பாலான தொல்லைகள் 3, 4 வாரங்களில் தணிந்துவிடும். ‘இப்போதே வேண்டும்’ என்ற தாகம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களைக் கடக்கத் துணை நிற்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி.

இதுவரை சொன்னது நிக்கோட்டின் மட்டும் உள்ள கருவியைப் பற்றி. கேபாட் வேறு கதை. 2025 ஜூலையில் சுகாதார அமைச்சு வெளியிட்ட தகவல்படி, பறிமுதல் செய்யப்பட்ட 100க்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்ததில் மூன்றில் ஒரு பங்கில் எட்டோமிடேட் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாது.

எட்டோமிடேட் மருத்துவமனையில் பயன்படும் மயக்க மருந்து. 1970களில் புழக்கத்துக்கு வந்தது. மருத்துவர் நோயாளியின் எடையைப் பார்த்து அளவைக் கணக்கிட்டு நரம்பு வழியாகச் செலுத்துவார். ஒரு நிமிடத்துக்குள் நோயாளி தூங்கிவிடுவார். சில நிமிடங்களில் அதன் வேகம் குறையும். அதுவரை மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டிருப்பார். மூளையில் ‘காபா’ என்ற நரம்புக்கடத்தி பிரேக் போலச் செயல்படுகிறது. எட்டோமிடேட் அந்த பிரேக்கை இன்னும் அழுத்துகிறது. தசைகள் தன்னிச்சையாகத் துடிப்பதும் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று. காணொளிகளில் இளையர்கள் தள்ளாடுவதையும் கைகால் உதறுவதையும் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். மயக்க மருந்து ஏறிய ஒருவர் அறுவை மேசையில் படுத்திருக்காமல் படிக்கட்டில் நின்றால் அப்படித்தான் ஆகும்.

இந்த மருந்தின் இன்னொரு முகம் 1983இல் தெரியவந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தீவிர சிகிச்சைப் பிரிவில், பலத்த காயங்களோடு வந்தவர்களைத் தூக்கத்தில் வைத்திருக்க எட்டோமிடேட்டைத் தொடர்ந்து செலுத்தி வந்தார்கள். அவர்களிடையே இறப்பு கூடியிருப்பதை மருத்துவர்கள் கவனித்து ‘லான்செட்’ மருத்துவ இதழுக்கு எழுதினார்கள். காரணம் பிறகு புரிந்தது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோல் என்ற ஹார்மோனைத் தயாரிக்கின்றன. அதன் கடைசிப் படியைச் செய்யும் நொதியின் பெயர் 11-பீட்டா-ஹைட்ராக்சிலேஸ். எட்டோமிடேட் அந்த நொதியைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. கார்டிசோல் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும், சர்க்கரை அளவு விழும், காய்ச்சலையோ காயத்தையோ உடலால் தாங்க முடியாமல் போகும்.

அதன்பிறகு இந்த மருந்தைத் தொடர்ச்சியாகச் செலுத்தி நோயாளிகளைத் தூக்கத்தில் வைத்திருக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ஒரே ஒரு முறை கொடுத்தாலே சுரப்பி சில மணி நேரம் அடங்கிவிடுகிறது என்பதால், கடுமையாக நோயுற்றவர்களுக்கு அந்த ஒரு முறையும் கொடுக்கலாமா என்று மருத்துவர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கேபாட் இழுப்பவரோ எவ்வளவு போகிறது என்றே தெரியாமல் ஒரு நாளில் பலமுறை இழுக்கிறார்.

ஆகவே கேபாட் இழுத்து வந்தவருக்கு எழுந்து நின்றால் தலைசுற்றல், தொடர்ந்த களைப்பு, வாந்தி இருந்தால் அது வெறும் சோம்பல் இல்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரத்தத்தில் கார்டிசோலை அளக்க முடியும். குறைந்திருந்தால் சுரப்பி மீளும்வரை அதற்கு ஈடான மருந்து கொடுக்க முடியும். யாராவது மயங்கி விழுந்தால் 995ஐ அழையுங்கள். மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். என்ன இழுத்தார் என்பதை மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள். பயந்து ஓடிவிடாதீர்கள்.

இனிக் கேள்வியின் இரண்டாம் பகுதி. சிங்கப்பூரில் 2018 முதல் மின்சிகரெட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் ‘சி’ வகைப் போதைப்பொருளாக வகைப்படுத்தப்பட்டது. அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மின்சிகரெட்டுடன் முதல் முறை பிடிபட்டால் 500 வெள்ளி அபராதம். கேபாட் என்றால் அதோடு 6 மாதங்கள் வரை மறுவாழ்வுத் திட்டத்திலும் இருக்க வேண்டும். இவை பிடிபட்டவர்களுக்கு. யாரும் பிடிக்குமுன் தானாக முன்வந்து, கைவிட உதவி கேட்பவருக்குத் தண்டனை இல்லை என்று அதிகாரிகள் வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மாணவர்கள் பலர் அறியவில்லை. அறியாததால் மறைக்கிறார்கள், மறைப்பதால் பழக்கம் முற்றுகிறது.

எங்கே கேட்பது? சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘குவிட்வேப்’ திட்டம் ஒன்று. அதன் தொலைபேசி எண் 1800 438 2000. புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தில் போதைப் பழக்கங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எல்லாவற்றுக்கும் அருகில் இருப்பவர் உங்கள் பள்ளி ஆலோசகர். உங்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் அவர் பெற்றோரிடம் பேச வேண்டி வரலாம். எதைச் சொல்வீர்கள், எப்படிச் சொல்வீர்கள், நானும் கூட இருக்கலாமா என்று முதலிலேயே அவரிடம் கேட்டுவிடலாம். தவறே இல்லை.

ஆலோசனை அறையில் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதிய ஒரு முறையை இன்று உலகெங்கும் ஆலோசகர்கள் கையாள்கிறார்கள். நாம் வாதாடினால் எதிரில் இருப்பவர் தன் பழக்கத்துக்கு வக்கீலாகிவிடுவார். அதனால் மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் இந்த முறையின் நோக்கம். “இதில் உனக்குப் பிடித்தது என்ன?” என்றுகூடத் தொடங்கலாம். பிறகு, “நிறுத்துவது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்.” நீங்கள் 4 என்கிறீர்கள். “ஏன் 10 இல்லை?” என்று கேட்கமாட்டார். “ஏன் 2 இல்லை?” என்பார். யோசித்துப் பாருங்கள். அதற்கு நீங்கள் சொல்லும் எந்தப் பதிலும் நிறுத்துவதற்கான காரணமாகத்தான் இருக்கும்.

அடுத்து நாள் முழுவதையும் பிரித்துப் பார்ப்பார்கள். எப்போது, எங்கே, யாரோடு? இணைப்பாட நடவடிக்கை முடிந்து புளோக் படிக்கட்டில் என்றால், முதல் இரண்டு வாரம் வேறு வழியாக, வேறு ஒருவரோடு வீடு திரும்புவது திட்டத்தில் இடம்பெறும். தாகம் வரும் சில நிமிடங்களில் கைக்கும் வாய்க்கும் என்ன வேலை என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை போன்றவை தேவையா என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். நண்பர் தந்தார் என்று நீங்களே ஒட்டிக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒருமுறை வழுக்கினால், எங்கே வழுக்கியது என்று பார்த்துத் திட்டத்தைத் திருத்துவார்கள். சோதனைக்கூடத்தில் ஒரு முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் நாம் செய்வதும் அதுதானே.

தடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. காவல்துறையினர் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் ஒரு திட்டம் 1983இல் லாஸ் ஏஞ்சலிசில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. பின்னர் அளந்து பார்த்தபோது, அந்தப் பாடத்தைக் கேட்ட மாணவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயமுறுத்தும் சுவரொட்டிகள் மீது எனக்கும் அவ்வளவு நம்பிக்கை இல்லை. “எல்லாரும் செய்கிறார்கள்” என்ற எண்ணம் தவறு என்று காட்டுவதும், நண்பன் நீட்டும்போது என்ன சொல்வது என்று வாய்விட்டுப் பழகிப் பார்ப்பதும் கூடுதலாகப் பலன் தருகின்றன.

நண்பனுக்காகக் கேட்டவருக்கு என் பதில் இது. அவனிடம் தனியாகப் பேசுங்கள். ஆலோசகரிடம் தனியாகப் போகத் தயங்கினால் கதவு வரைக்கும் கூடப் போங்கள். “நீ இதை வைத்துக்கொள், என்னிடம் இருந்தால் இழுத்துவிடுவேன்” என்று கருவியைக் கொடுத்தால் மட்டும் வாங்காதீர்கள். உங்கள் பையில் இருந்தால் வைத்திருந்த குற்றம் உங்களுடையது. அவற்றைப் போடுவதற்கென்றே சமூக மன்றங்களில் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அதில் அவனே தன் கையால் போடட்டும்.