அறை வேண்டாம், கட்டில் போதும்! குறைந்த செலவில் உலகம் சுற்ற வழி காட்டிய வாத்தியார்

வெளிநாடு போய்வர யாருக்குத்தான் ஆசை இல்லை?

ஆனால் செலவை நினைத்ததும் ஆசை அடங்கிவிடுகிறது. விமான டிக்கெட்டுக்கு எப்படியோ பணம் சேர்த்துவிடலாம். போன ஊரில் தங்குவதற்கு என்ன செய்வது? ஓட்டல் அறையின் ஒரு நாள் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும்!

இந்தக் கவலைக்கு ஒரு மருந்து உண்டு.

அறையை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஒரு கட்டிலை மட்டும் எடுங்கள்!

ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் இப்படிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு பெரிய அறை இருக்கும். அதில் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு கட்டிலோ, எட்டுக் கட்டிலோ போட்டிருப்பார்கள். ஒரு கட்டிலுக்கு ஓர் ஆள். குளிக்கும் அறை பொது. சாப்பாட்டுக் கூடம் பொது. வாடகையோ ஓட்டல் அறையைவிட மிகவும் குறைவு.

இதற்கு 'ஹாஸ்டல்' என்று பெயர். கல்லூரிப் பிள்ளைகள் வருடக்கணக்கில் தங்கிப் படிக்கும் ஹாஸ்டல் வேறு, இது வேறு. இங்கே வழிப்பயணிகள் ஒரு நாள், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். நம் ஊர்ச் சத்திரத்துக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த யோசனை எந்த ஓட்டல் முதலாளிக்கும் தோன்றவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குத்தான் தோன்றியது!

புகை சூழ்ந்த ஊர்

அவர் பெயர் ரிச்சர்டு ஷிர்மான். ஜெர்மனி நாட்டுக்காரர். 1874-ம் ஆண்டு பிறந்தவர்.

அவர் வேலை பார்த்த பகுதி தொழிற்சாலைகள் நிறைந்தது. எங்கு பார்த்தாலும் புகைபோக்கிகள். தொழிலாளர்களின் குழந்தைகள் அந்தப் புகையிலேயே பிறந்து, அந்தப் புகையிலேயே வளர்ந்தார்கள். காடு எப்படி இருக்கும், ஆறு எங்கே பிறக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த சங்கதிதான்.

ஷிர்மானுக்கு இது பிடிக்கவில்லை. "நாலு சுவருக்குள் உட்கார்ந்து படிப்பது மட்டும் படிப்பா?" என்று நினைத்தார். மாணவர்களை அழைத்துக்கொண்டு நடந்தே ஊர் ஊராகப் போனார். நடக்க நடக்கப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

நடப்பதற்குக் காசு வேண்டாம். ஆனால் இரவில் எங்கே படுப்பது? ஏழைப் பிள்ளைகள் ஓட்டலுக்குப் போக முடியுமா?

தூங்காத இரவு

1909-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந்தேதி.

அன்றும் ஷிர்மான் தம் மாணவர்களோடு நீண்ட நடைப்பயணம் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு பள்ளத்தாக்கு. திடீரென்று வானம் இருண்டது. இடி இடித்தது. பெருமழை கொட்டியது!

பிள்ளைகள் நனைந்து நடுங்கினார்கள். அக்கம்பக்கத்தில் தங்க இடம் இல்லை. கடைசியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். அது விடுமுறைக் காலம். பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. ஒரு விவசாயி வைக்கோல் கொடுத்தார். அதைத் தரையில் பரப்பிப் பிள்ளைகள் படுத்தார்கள். அலுப்பில் தூங்கிவிட்டார்கள்.

வாத்தியாருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

விடுமுறை நாட்களில் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் சும்மாதானே கிடக்கின்றன? ஒரு நாள் நடைதூரத்துக்கு ஒரு விடுதி என்று அவற்றையே ஏற்பாடு செய்தால் என்ன? இரண்டு வகுப்பறை போதுமே. ஒன்று பையன்களுக்கு, மற்றொன்று பெண் பிள்ளைகளுக்கு!

பொழுது விடிவதற்குள் திட்டம் அவர் மனதில் உருவாகிவிட்டது.

ஊர் திரும்பியதும் தம் யோசனையைக் கட்டுரையாக எழுதினார். படித்தவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். 1912-ம் ஆண்டில் ஆல்ட்டெனா என்ற ஊரில் மலைமேல் இருக்கும் பழைய கோட்டையில் நிரந்தர விடுதி ஏற்பட்டது. ராஜாக்கள் காலத்துக் கோட்டையில் தொழிலாளியின் மகன் படுத்துத் தூங்கினான்! அந்த அறைகளையும், மூன்றடுக்கு மரக்கட்டில்களையும் இன்றும் காட்சிப்பொருளாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

எதிரிக்குக் கொடுத்த ரொட்டி

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. ஷிர்மானும் போர்முனைக்குப் போனார்.

1915-ம் ஆண்டு கிறிஸ்துமஸ். ஒரு பக்கம் ஜெர்மன் வீரர்கள். எதிர்ப்பக்கம் பிரெஞ்சு வீரர்கள். நடுவே சிறிது தூரம்தான். பண்டிகை வேளையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. முந்திய நாள்வரை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நேருக்கு நேர் வந்தார்கள். ஜெர்மானியர் தங்கள் கறுப்பு ரொட்டியைக் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஒயினும் சிகரெட்டும் கொடுத்தார்கள்.

ஷிர்மான் மனதில் ஒரு கேள்வி பிறந்தது. எல்லா நாட்டு இளைஞர்களும் ஒருவரையொருவர் சந்தித்துப் பழக ஓர் இடம் இருந்தால் எப்படி இருக்கும்? ஒரே கூரையின் கீழ் படுத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள் நாளைக்கு ஒருவரையொருவர் சுடுவார்களா?

போர் முடிந்தது. விடுதி வேலையை முன்னிலும் வேகமாகச் செய்தார். 1922-ல் வாத்தியார் வேலையையே விட்டுவிட்டார். இயக்கம் எல்லை தாண்டிப் பரவியது. 1930-ல் இங்கிலாந்தில் சங்கம் ஏற்பட்டது. அங்கே அந்த நாளில் ஓர் இரவுக்கு வாடகை ஒரே ஒரு ஷில்லிங்! 1932-ல் பல நாட்டுச் சங்கங்கள் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடி, சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்தன. ஷிர்மான் அதன் தலைவர் ஆனார்.

பறித்துக்கொண்டார்கள்!

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.

எல்லா நாட்டுப் பிள்ளைகளும் கூடும் விடுதிகளை நாஜிகள் விட்டுவைப்பார்களா? ஜெர்மனியில் இருந்த விடுதிகளைத் தங்கள் இளைஞர் படையின் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். 1936-ல் ஷிர்மான் சம்மேளனத் தலைவர் பதவியை விட்டு விலகும்படி செய்தார்கள். அவர் வளர்த்த பயிர் அவர் கண் முன்னாலேயே பிறர் கைக்குப் போயிற்று.

பிறகு இரண்டாம் உலகப்போர். அது முடிந்தபோது ஷிர்மானுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வேறொருவராக இருந்தால் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் உட்காரவில்லை! மறுபடியும் விடுதிகளை எழுப்பும் வேலையில் இறங்கினார். 1949-ல் ஜெர்மன் சங்கம் மீண்டும் உயிர்பெற்றது. 1961-ம் ஆண்டு டிசம்பர் 14-ந்தேதி அவர் காலமானார்.

அவர் தொடங்கிய சர்வதேச அமைப்பு இன்று 'ஹாஸ்டலிங் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் இயங்குகிறது. இந்தியாவிலும் இந்த இயக்கம் உண்டு. அதன் தலைமை நிலையம் டெல்லியில் இருக்கிறது. இவை தவிர, தனியார் நடத்தும் ஹாஸ்டல்களும் உலகெங்கும் ஏராளமாக வந்துவிட்டன.

சரி, வாத்தியார் காட்டிய வழியில் நாமும் போவது எப்படி? இதோ சில யோசனைகள்.

முதலில் கணக்கு

"ஹாஸ்டல் என்றால் மலிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டாதீர்கள்.

தனி ஆளுக்குக் கட்டில் லாபம். குடும்பத்துக்கு? உதாரணமாக, கட்டில் ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேருக்கு 6,000 ரூபாய் ஆகிவிடும். அதே ஊரில் சிறிய ஓட்டல் அறை 5,000 ரூபாய்க்குக் கிடைத்தால் அதுதான் லாபம்! பல ஹாஸ்டல்களில் குடும்பத்துக்கென்று தனி அறையும் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

'இளைஞர் விடுதி' என்ற பெயரைப் பார்த்துத் தாத்தா பாட்டி தயங்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் இப்போது வயது வரம்பு கிடையாது.

பயணம் போகும் மாதத்தையும் பாருங்கள். ஐரோப்பாவில் கூட்டம் அலைமோதுவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். இது நமக்கு நல்ல வசதி. ஈஸ்டர் பண்டிகை நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டால், கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

சமையல் அறை இருக்கிறதா?

தங்கும் செலவுக்கு அடுத்தபடி பணத்தைத் தின்பது சாப்பாட்டுச் செலவு.

பல ஹாஸ்டல்களில் பயணிகள் தாங்களே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வைத்திருப்பார்கள். கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கி வந்தால் போதும். பருப்புப் பொடியும் ரசப்பொடியும் பெட்டியில் இருந்தால் எந்த ஊரும் நம் ஊர்தான்! சாப்பிட்டதும் பாத்திரத்தைக் கழுவி, இருந்த இடத்தில் வைக்க வேண்டும். அது அங்கே கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. ஆசையாக எடுத்துப்போகும் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே பறிபோகும்!

ஜெர்மன் சங்கத்தின் விடுதிகளில் பெரும்பாலும் வாடகையிலேயே காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துவிடும். அதை வயிறார முடித்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானச் செலவு குறையும்.

பெட்டியில் பூட்டு

ஹாஸ்டலில் பெட்டி வைக்கச் சிறிய அலமாரி தருவார்கள். பல இடங்களில் பூட்டு தரமாட்டார்கள். ஒரு நல்ல பூட்டை நீங்களே கொண்டுபோங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும்.

துண்டு கொண்டுபோங்கள், அங்கே அதற்குத் தனி வாடகை கேட்பார்கள். சொந்தப் படுக்கை வேண்டாம். மூட்டைப்பூச்சி வந்துவிடும் என்ற பயத்தில் பல ஹாஸ்டல்களில் அதை அனுமதிப்பதில்லை.

பெண்கள் முன்பதிவு செய்யும்போது "பெண்களுக்கு மட்டும்" என்று ஒதுக்கிய அறையைக் கேட்டு வாங்கலாம். ஒன்றும் கேட்காமல் பணம் கட்டினால் ஆணும் பெண்ணும் சேர்ந்து படுக்கும் பொது அறை கிடைத்துவிடலாம். அந்த வழக்கம் அங்கே சாதாரணம்.

இரவில் சத்தமாகப் பேசக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விடியற்காலை ரெயிலைப் பிடிக்க வேண்டியவராக இருக்கலாம்!

விசாவுக்கு முன்

ஜெர்மனி, பிரான்சு முதலிய 29 ஐரோப்பிய நாடுகளுக்கு 'ஷெங்கன்' என்ற ஒரே விசா போதும். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ. 6 வயது முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைக்கு 45 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

விசாவுக்கு மனுப் போடும்போது எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். ஹாஸ்டல் முன்பதிவுச் சீட்டைக் காட்டலாம். ஆனால் பதிவு செய்யும்போதே, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விசா வராவிட்டால் அந்தப் பணமாவது மிஞ்சும்.

குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அந்நிய நாட்டில் ஒரு கால் முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு வீட்டையே விற்க வைத்துவிடும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே மனுப் போடலாம். கடைசி 15 நாள்வரை காத்திருந்து பதறாதீர்கள்.

சில விடுதிகளில் உறுப்பினர் அட்டை கேட்பார்கள். அட்டை இல்லாதவரிடம் கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். புறப்படும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

காசுக்கு மேல் ஒரு லாபம்

ஹாஸ்டலில் மிச்சமாகும் பணத்தைக் கணக்கில் எழுதிவிடலாம். கணக்கில் எழுத முடியாத லாபம் ஒன்றும் அங்கே கிடைக்கிறது.

ஓட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டால் ஊரும் தெரியாது, உலகமும் தெரியாது. ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் ஒரு ஜப்பானியர் இருப்பார். எதிரே ஒரு பிரெஞ்சுப் பாட்டி இருப்பார். "எந்த ரெயிலில் கட்டணம் குறைவு? எந்தக் கடையில் ரொட்டி மலிவு? எந்தக் காட்சிசாலையில் எந்தக் கிழமை அனுமதி இலவசம்?" எல்லாவற்றையும் அந்த மேஜையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிலுக்கு நீங்கள் ஒரு கரண்டி ரசம் ஊற்றினால் போதும்!

ஆசை இருக்கிறதா? இன்றைக்கே ஓர் உண்டியல் வையுங்கள். அதில் சேரும் முதல் பணத்தில் பாஸ்போர்ட் எடுங்கள். மற்றவை ஒவ்வொன்றாக நடக்கும்.