அடுத்த வட்டு எது? டொரண்டோ முதலீட்டாளர்களின் தவறிய கணக்கு

கனடாவின் டொரண்டோ மாநகரின் கிழக்கே, இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையில் குடியேறிய ஸ்கார்பரோவில், மார்க்கம் வீதியில் தலைமையகத்தைக் கொண்டிருந்தது சின்ராம் நிறுவனம். திரைப்படங்களும் இசையும் பதிந்த வட்டுகளை இலட்சக்கணக்கில் தயாரித்து, கடைகளுக்கு அனுப்பி வைப்பது அதன் தொழில். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய டிவிடி தயாரிப்பாளர்களில் ஒன்றாக விளங்கிய அந்த நிறுவனம், 2012 ஜூன் மாதம், கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்வரை முதலீட்டாளர்களிடையே நிலவிய விவாதம் வேறாக இருந்தது. டிவிடியின் இடத்தைப் பிடிக்கப்போகும் புதிய வட்டு எது என்பதே அன்று எழுப்பப்பட்ட கேள்வி. அந்தக் கேள்விக்குச் சரியான விடையைக் கண்டவர்களும் இறுதியில் பணத்தை இழந்தார்கள்.

ஒலிநாடாவிலிருந்து டிவிடி வரை

1969ஆம் ஆண்டு இசிடோர் பிலோசோஃப் என்பவரால் தொடங்கப்பட்ட சின்ராம், ஆரம்பத்தில் ஒலிநாடாக்களைத் தயாரித்தது. பின்னர் குறுந்தகடு வந்தது. 1990களின் பிற்பகுதியில் டிவிடி வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய சாதனம் மறைந்து புதியது வந்தபோது, மக்கள் தங்களிடம் ஏற்கனவே இருந்த பாடல்களையும் படங்களையும் மீண்டும் வாங்கினார்கள். தயாரிப்பாளருக்கு அது புதிய அறுவடையாக அமைந்தது.

2003ஆம் ஆண்டு சின்ராம் ஒரு பெரிய முடிவை எடுத்தது. ஏஓஎல் டைம் வார்னர் குழுமத்தின் வட்டுத் தயாரிப்பு மற்றும் விநியோகப் பிரிவுகளைச் சுமார் 105 கோடி அமெரிக்க டாலருக்கு அது வாங்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலும் ஜெர்மனியிலும் இருந்த பெரிய தொழிற்சாலைகள் இதன்மூலம் அதன் வசமாயின. வார்னர் திரைப்படங்களை வட்டுகளாகத் தயாரிக்கும் நீண்டகால ஒப்பந்தமும் கிடைத்தது. ஆனால் இதற்கான பணத்தின் பெரும்பகுதி கடனாகப் பெறப்பட்டது.

நீல ஒளியும் இரு முகாம்களும்

குறுந்தகடு, டிவிடி, அதற்குப் பின் வந்த வட்டுகள் ஆகிய அனைத்தும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. வட்டின் மீதுள்ள நுண்ணிய குழிகளை லேசர் ஒளி வாசிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையும்போது குழிகளையும் சிறிதாக்கலாம். அதே பரப்பில் கூடுதல் தகவலைப் பதியலாம். குறுந்தகட்டில் 780 நானோமீட்டர் அலைநீளமும், டிவிடியில் 650 நானோமீட்டரும் பயன்பட்டன. புதிய வட்டுகளுக்கு 405 நானோமீட்டர் கொண்ட நீல ஊதா ஒளி தெரிவு செய்யப்பட்டது.

ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தொழில்துறை இரண்டாகப் பிளவுபட்டது. தோஷிபா முன்வைத்த எச்டி டிவிடி, ஓர் அடுக்கில் 15 ஜிகாபைட் தகவலைக் கொண்டது. சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் முன்வைத்த ப்ளூ ரே, ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட் கொண்டது. டிவிடியின் ஓர் அடுக்கில் அடங்குவது 4.7 ஜிகாபைட் மட்டுமே.

முதலீட்டாளர்களைப் பொறுத்தவரை கொள்ளளவைவிட முக்கியமானது தயாரிப்புச் செலவு. எச்டி டிவிடியில் தகவல் அடுக்கு, டிவிடியைப் போலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் அமைந்தது. எனவே இருக்கின்ற இயந்திரங்களை ஓரளவு மாற்றியமைத்தாலே அதைத் தயாரிக்க முடியும். ப்ளூ ரேயில் அந்த ஆழம் 0.1 மில்லிமீட்டர். அதற்குப் புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. சின்ராம் இரு வகை வட்டுகளையும் தயாரித்தது. எது வென்றாலும் நிறுவனத்துக்கு வேலை கிடைக்கும் என்ற வாதத்துக்கு இது வலுச்சேர்த்தது.

மாதந்தோறும் வருமானம்

இந்த நம்பிக்கை வளர்வதற்குக் கனடாவுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. 2006ஆம் ஆண்டு சின்ராம், வருமான நிதியம் என்ற அமைப்புக்கு மாறியது. நிறுவனம் ஈட்டும் பணத்தின் பெரும்பகுதியை, நிறுவன வரி அதிகம் செலுத்தாமலேயே, முதலீட்டாளர்களுக்குத் தவறாமல் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு அது. ஓய்வு பெற்றவர்களும் சிறு சேமிப்பாளர்களும் இத்தகைய நிதியங்களை விரும்பி வாங்கினர்.

ஆனால் தொழில்நுட்பம் வேகமாக மாறும் ஒரு துறைக்கு இந்த அமைப்பு பொருந்துமா என்ற ஐயம் அதிலேயே அடங்கியிருந்தது. புதிய இயந்திரங்களுக்கும் கடனுக்கும் பணம் தேவைப்படும் நிறுவனம், கையில் வருவதையெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட முடியாது. 2006 அக்டோபர் 31ஆம் தேதி, அன்றைய நிதியமைச்சர் ஜிம் ஃபிளாஹெர்ட்டி, ஏற்கனவே இயங்கிவந்த நிதியங்களுக்கு 2011 முதல் வரி விதிக்கப்படும் என அறிவித்தார். மறுநாள் டொரண்டோ சந்தையில் இத்தகைய நிதியங்களின் விலை கடுமையாகச் சரிந்தது.

வென்றது வட்டு, தோற்றது தொழில்

வட்டுகளின் போட்டி விரைவிலேயே முடிவுக்கு வந்தது. அதுவரை இரு வகைகளிலும் படங்களை வெளியிட்டு வந்த வார்னர், இனி ப்ளூ ரே மட்டுமே என்று 2008 ஜனவரி 4ஆம் தேதி அறிவித்தது. பிப்ரவரி 19ஆம் தேதி தோஷிபா போட்டியிலிருந்து விலகியது.

ப்ளூ ரே வென்றாலும், அது டிவிடியின் இடத்தை முழுமையாக நிரப்பவில்லை. சாதாரணப் பார்வையாளருக்கு டிவிடியின் தரமே போதுமானதாக இருந்தது. மறுபுறம், 2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் இணையம் வழியாகவே படங்களைக் காட்டத் தொடங்கியிருந்தது. 2010 செப்டம்பரில் அந்தச் சேவை கனடாவுக்கும் வந்தது. படத்தைக் கையில் எடுத்துச் செல்லும் பொருளின் தேவையே குறையத் தொடங்கியது.

அதே 2010ஆம் ஆண்டில், வார்னர் தனது வட்டுத் தயாரிப்பைச் சின்ராமிடமிருந்து போட்டி நிறுவனமான டெக்னிகலருக்கு மாற்றியது. வேலை போனாலும் கடன் அப்படியே இருந்தது. 2012இல் சின்ராமின் வட அமெரிக்கத் தொழில், நஜாஃபி என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கிடைத்த தொகை கடன் கொடுத்தவர்களின் பாக்கிக்கே போதவில்லை. இத்தகைய நிலையில் சட்டப்படி வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் பங்குதாரர்கள். 2015இல், வட அமெரிக்காவில் எஞ்சியிருந்த வட்டுத் தயாரிப்பையும் டெக்னிகலரே வாங்கிக்கொண்டது.

கேட்கப்படாத கேள்விகள்

கையடக்கச் சேமிப்புச் சாதனங்களில் இது முதல் அனுபவம் அல்ல. 1995இல் 100 மெகாபைட் கொள்ளளவுடன் வெளிவந்த ஐயோமெகா நிறுவனத்தின் ஜிப் வட்டும் அமெரிக்கச் சந்தையில் இதேபோன்ற பரபரப்பை ஏற்படுத்தியது. எழுதக்கூடிய குறுந்தகடுகள் மலிவானதும், அதன்பின் யுஎஸ்பி நினைவகங்கள் வந்ததும், அதன் சந்தை கரைந்து போனது.

இன்று கண்ணாடியிலும் மரபணு மூலக்கூறுகளிலும் தகவலைச் சேமிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. இவற்றின் கொள்ளளவு குறித்த எண்கள் வியப்பூட்டுபவைதான். ஆனால் எந்தச் சாதனம் சிறந்தது என்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு என்பதை ஸ்கார்பரோவின் அனுபவம் காட்டுகிறது. அந்தச் சாதனத்தைத் தயாரிப்பவர், அதற்கான வேலையைத் தருபவரை எவ்வளவு தூரம் சார்ந்திருக்கிறார்? கடன் எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் தேடுவது அந்தப் பொருளையா, அல்லது அதில் பதிந்திருப்பதை மட்டுமா?